கடைசி ஈடு இட்லியும் என் ஹீமோகுளோபினும்

சமைக்கிறவள் கடைசியாகச் சாப்பிடுவது என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் யாரும் பேசி முடிவு செய்யாமலேயே நிலைத்துவிட்ட ஏற்பாடு. முதல் ஈடு இட்லி பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு. இரண்டாவது ஈடு கணவருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும். அதற்கடுத்தது டிபன் பாக்ஸ்களுக்கு. கடைசி ஈடு வேகும்போது பேருந்துக்கு நேரமாகிவிடுவதால், அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு அவள் ஓடுகிறாள். திருச்சி உறையூரில் என் வீட்டிலும் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. இரண்டு பிள்ளைகள், ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை, வயதான மாமியார் என்று கழிந்த அந்த ஆண்டுகளில் என் உடம்பைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றை, அதே ஓட்டத்தில் இருக்கிற மற்ற தாய்மார்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டதையும், தேடிப் படித்ததையும், என் உடம்பில் நடந்ததையும் மட்டுமே சொல்கிறேன்.

இரண்டாவது பிள்ளைக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது, அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினாலே நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வந்தது. மாலையில் வீடு திரும்பியதும் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், அவனைத் தூக்கக் கை எழவில்லை. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வந்தது: "ரெண்டு புள்ளை பெத்தவளுக்கு அப்படித்தாம்மா இருக்கும்." அதைச் சொன்னவர்கள் அனைவரும் என்மீது பிரியம் உள்ளவர்கள். அவர்களும் அதே சோர்வோடு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் என்பதால், தாய்மையோடு சேர்ந்தே வருவதுதான் அந்தச் சோர்வு என்று மனதார நம்பினார்கள். வேப்பெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள், பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்கள், சீக்கிரம் தூங்கச் சொன்னார்கள். இரத்தத்தைப் பரிசோதித்துப் பார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அதே காலத்தில் எனக்கு அரிசி தின்னும் ஆசை வந்தது. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி வாய்க்குள் போய்விடும். அரிசி டின்னைத் திறந்ததும் எழும் அந்த மாவு வாடையே நாக்கில் நீர் ஊற வைக்கும். கழுவிய அரிசியைவிடக் கழுவாத அரிசி இன்னும் நன்றாக இருக்கும். அலுவலகத்தில் கைப்பையின் ஓர் உறையில் பச்சரிசி வைத்திருந்தேன். சின்ன வயதில் அரிசி தின்னும் பெண்களை "கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டப் போவுது" என்று கேலி செய்வார்கள்; எங்கள் பக்கத்தில் இந்தக் கேலியைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் குறைவு. அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு நோய்க்குறி ஒளிந்திருக்கிறது என்பதை எனக்கு முதலில் சொன்னவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் பகுதியில் சிறிய கிளினிக் நடத்தும் ஒரு பெண் மருத்துவர்தான்.

மகனின் காய்ச்சலுக்காகத்தான் அவரிடம் போயிருந்தேன். மருந்துச் சீட்டை எழுதி முடித்தவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு வரிசையாகக் கேட்டார். மாதவிடாய் எத்தனை நாள் இருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள்? கட்டி கட்டியாகப் போகிறதா? கடைசியாக, "அரிசி, சாக்பீஸ், விபூதி, இப்படி எதையாவது தின்னணும்னு தோணுதாம்மா?" என்றார். என் கைப்பைக்குள் இருந்ததை அவர் எப்படி அறிந்தார் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. உணவல்லாதவற்றையும் பச்சை அரிசி, பனிக்கட்டி போன்றவற்றையும் தின்னத் தூண்டும் அந்த ஆசை, உடம்பில் இரும்புச்சத்து வற்றியிருப்பதோடு நெருங்கிய தொடர்புடையது என்றும், இரும்புச்சத்து ஏறினால் பெரும்பாலும் தானாக அகன்றுவிடும் என்றும் விளக்கினார்.

பரிசோதனை முடிவில் என் ஹீமோகுளோபின் 100 மில்லி இரத்தத்துக்கு 8.4 கிராம் என்று இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை. 8-க்கும் 11-க்கும் இடையில் இருந்தால் நடுத்தரம். 8-க்குக் கீழே போனால் கடுமையானது. கடுமையானதன் விளிம்பில் நின்றுகொண்டு நான் மூன்று வேளை சமைத்து, அலுவலகம் போய், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடவே ஃபெரிட்டின் என்ற இன்னொரு பரிசோதனையையும் மருத்துவர் எழுதியிருந்தார். அது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. மாடித் தொட்டியில் நீர் அடிமட்டத்துக்குப் போகும்வரை கீழே குழாயில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும் அல்லவா, அதுபோல முதலில் சேமிப்புதான் கரைகிறது, ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்குகிறது. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டுக்கொண்டிருந்தும் ஓயாத சோர்வு, முடி உதிர்தல், அரிசி ஆசை என்று இருக்கிற பெண்கள் இந்த இரண்டாவது பரிசோதனையையும் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான். தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனையும் வைட்டமின் பி12 அளவும் கூடவே பார்த்துவிட்டால், சோர்வுக்குப் பின்னால் இருக்கக்கூடிய முக்கியமான காரணங்களில் பலவற்றை ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை; மருத்துவ வசதியில் முன்னணியில் இருக்கும் தமிழ்நாட்டிலேயே 53 சதவீதத்துக்கு மேல். அதே வயது ஆண்களில் இந்திய அளவில் நான்கில் ஒருவருக்குத்தான் அந்தக் குறை. ஒரு நகரப் பேருந்தில் பெண்கள் பகுதியில் அமர்ந்திருப்பவர்களைக் கண்ணால் எண்ணிப் பாருங்கள். இரண்டில் ஒருவர் போதிய இரத்தமில்லாமல்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பாதிப் பேருக்கு இருப்பதாலேயே இது யாருக்கும் நோயாகத் தெரிவதில்லை.

காரணங்களும் மர்மமானவை இல்லை. மாதந்தோறும் போகும் இரத்தம், கர்ப்பத்தில் குழந்தைக்குப் போகும் இரும்பு, பிரசவத்தில் இழப்பது, இவற்றையெல்லாம் ஈடுகட்ட முடியாத உணவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்தும், பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் தேவை எனக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆணைவிட ஒன்றரை மடங்கு இரும்பு தேவைப்படுகிறவள், எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை, நேரமிருந்தால் மட்டும், காபியோடு சேர்த்து உண்கிறாள். அந்தக் காபி ஒரு தனிக் கேடு. காபியிலும் தேநீரிலும் உள்ள பொருள்கள் கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடித்தால் பெரிய இடைஞ்சல் இல்லை. இட்லியோடு சேர்த்துக் குடிக்கும் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். ஓர் எலுமிச்சை மூடியோ நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ உணவோடு சேர்ந்தால் அதே கீரையிலிருந்து கூடுதலான இரும்பு உடம்பில் சேர்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் ஆகியவற்றைத் தின்றால் இரத்தம் ஊறும் என்று நம் வீடுகளில் அவற்றுக்கு இருக்கும் பெயர் அவற்றின் நிறத்தால் வந்தது. அவற்றில் உள்ள இரும்பு சொற்பம். அவை நல்ல உணவுகள்தான், ஆனால் எட்டு கிராமில் நிற்கும் ஹீமோகுளோபினை அவற்றால் தூக்கி நிறுத்த முடியாது. கம்பு, எள், கொள்ளு, முருங்கைக்கீரை ஆகியவை அவற்றைவிடப் பல மடங்கு மேல். அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டு ஈரலும், நம் பாட்டிமார் மண்சட்டியில் வதக்கிக் கொடுத்த சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) மிக உயர்ந்தவை. இறைச்சியில் இருக்கும் இரும்பை உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் சேமிப்பே வற்றிப்போன நிலையில் உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். "மாத்திரை எதற்கு, இயற்கையாக ஏற்றலாம்" என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டு மாதக்கணக்கில் மூச்சு வாங்கிக்கொண்டு நடமாடும் பெண்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இரும்பு மாத்திரையைப் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குமட்டுகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பான விளைவு, பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். எனக்கும் முதல் வாரம் குமட்டல் தாங்கவில்லை. வெறும் வயிற்றில் இரும்பு நன்றாகச் சேரும் என்பது உண்மைதான், ஆனாலும் தாங்க முடியாதவர்கள் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன மருத்துவர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார். ஒரு வேளை மாத்திரை உள்ளே போனதும், மேற்கொண்டு இரும்பு ஏறாமல் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உடம்பில் கூடி, ஏறத்தாழ ஒரு நாள்வரை அப்படியே இருக்கிறது. ஆகவே இடைவெளி விட்டுப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் சேர்கிறது, வயிற்றுத் தொல்லையும் குறைகிறது. இது எல்லோருக்கும் பொருந்தும் விதி இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் அரசுத் திட்டத்தில் தினசரி மாத்திரைதான். பாலோடும், தேநீரோடும், கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் பொது. நான் இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்டேன்.

மாத்திரை சரியாக வேலை செய்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு கிராம்வரை ஏறும். எனக்கு எண் ஏறுவதற்கு முன்பே அரிசி ஆசை போய்விட்டது. டின்னைத் திறந்தபோது அந்த வாடை வெறும் அரிசி வாடையாக மட்டும் இருந்தது. 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடக் கூடாது, சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் இரத்தம் ஏன் குறைந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் விழுங்கினால், ஓராண்டில் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் மாதவிடாய், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டிய நிலை, பெரிய கட்டிகள், இரவில் எழுந்து துணி மாற்றுவது ஆகியவை "உடம்பு வாகு" இல்லை. மருத்துவம் பார்க்க வேண்டியவை. எனக்கு ஸ்கேனில் கர்ப்பப்பையில் சிறிய ஃபைப்ராய்டு கட்டி (புற்றுநோய் அல்லாத தசைக்கட்டி) தெரிந்தது. அதிகப் போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் போடும் மாத்திரையிலேயே இரத்தப்போக்கு கட்டுக்குள் வந்துவிட்டது. என்னோடு வேலை செய்யும் ஒரு தோழிக்கு இதே தொல்லைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்த எடுப்பிலேயே கர்ப்பப்பையை அகற்றிவிடலாம் என்றார்கள். அவர் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்டு, ஹார்மோன் வெளியிடும் ஒரு கருத்தடைச் சாதனத்தைப் பொருத்திக்கொண்டு நலமாக இருக்கிறார். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் பெண்கள் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் உள்ள படிகளைக் கேட்டறியும் உரிமை நமக்கு இருக்கிறது. "குழந்தைதான் பெத்தாச்சே, இனி எதுக்கு" என்ற பேச்சை ஒரு மருத்துவக் காரணமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இந்தப் பேச்சில்தான் என் மனதில் நெடுநாளாக இருக்கும் வருத்தம் அடங்கியிருக்கிறது. தாயின் உடம்பு குழந்தைக்குப் பயன்படும் காலத்தில் மட்டும் நம் சமூகம் அதை வெகு கவனமாகப் பார்த்துக்கொள்கிறது. கர்ப்பம் உறுதியானதும் செவிலியர் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) தருகிறார். எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தம், ஸ்கேன் என்று மாதாமாதம் எதுவும் தவறுவதில்லை. பிரசவமானதும் பிறந்த வீட்டில் பூண்டும் பால்சுறாப் புட்டும் பிரசவ லேகியமும் செய்து கொடுத்து, வெந்நீர் ஊற்றி, வயிற்றில் துணி கட்டி, நாற்பது நாள் தரையில் கால் பாவாமல் பார்த்துக்கொள்கிறார்கள். (பத்தியம் என்ற பெயரில் காயையும் பழத்தையும் தண்ணீரையும் குறைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால், அந்த நாற்பது நாள் ஓய்வு உலகத்தில் எந்தத் தாய்க்கும் கிடைக்க வேண்டிய ஒன்று.) பால் ஊற வேண்டும், குழந்தைக்குச் சேராதது எதையும் தின்றுவிடக் கூடாது என்பதே அந்தக் கவனிப்பின் பேச்சு முழுவதும். பால் மறந்ததும் அந்தக் கவனிப்பும் நின்றுவிடுகிறது. அதன் பிறகு குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, எந்தத் தேதியில் எந்த ஊசி, எந்த மாதத்தில் எத்தனை கிலோ என்று எல்லாமே அதில் இருக்கின்றன. தாய்க்கு அப்படி ஓர் அட்டை இல்லை.

இதற்குச் சர்க்கரை நோய் நல்ல சான்று. கர்ப்பகாலச் சர்க்கரையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாகப் பரிசோதிக்கும் முறையை 2007-இலேயே இந்தியாவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140-ஐ எட்டுகிறதா என்று பார்க்கும் அந்த எளிய முறைக்குப் பின்னால் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யாவின் உழைப்பு இருக்கிறது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 நாடு முழுவதும் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பின் ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் அவள் சர்க்கரை பார்க்க வேண்டும். ஆனால் "குழந்தை பிறந்தாச்சு, சுகரும் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு, பத்தாண்டு கழித்துக் கால் எரிச்சலோடு வந்து நிற்கும் பெண்கள் எத்தனையோ பேர். உங்களுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

"அம்மா நன்றாக இருந்தால்தான் குடும்பம் நன்றாக இருக்கும்" என்ற வாசகத்தை நல்லெண்ணத்தோடுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காரணத்தைக் கொண்டு பார்த்தால், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு தாயின் உடம்பைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. மூச்சு வாங்காமல் மலைக்கோட்டைப் படி ஏற வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்பட்டால், அந்த ஆசையே போதுமான காரணம்.

சரி, நேரத்துக்கு எங்கே போவது? மத்தியப் புள்ளியியல் துறையினர் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுவதாகத் தெரியவந்தது. அதிலும் அந்த வேலைகளில் ஈடுபட்ட ஆண்களே 26 சதவீதம்தான். இந்த நிலையில் தாய்மார்களிடம் "உங்களுக்கென்று அரைமணி நேரம் ஒதுக்குங்கள்" என்று சொல்வதில் பயன் இல்லை. ஒதுக்குவதற்கு அவளிடம் நேரம் இருந்தால்தானே? அவள் செய்கிற ஒரு வேலையை இன்னொருவர் முழுமையாக ஏற்றால்தான் அந்த அரைமணி நேரம் பிறக்கும். எங்கள் வீட்டில் பரிசோதனை முடிவைக் கணவரிடம் காட்டிப் பேசியபோது "நான் ஹெல்ப் பண்றேன்" என்றார். உதவி வேண்டாம், காலைச் சிற்றுண்டியையும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். இன்றைக்கு என்ன டிபன், மாவு இருக்கிறதா, யாருடைய சாக்ஸ் எங்கே என்ற யோசனையும் சேர்த்து அவருடையதாக இருக்க வேண்டும் என்றேன். முதலில் சில வாரங்கள் அடிக்கடி உப்புமாவாக இருந்தது. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், மாமியாருக்கும் மனதில்லை. பிறகு பழகிவிட்டது. இப்போது நான் காலையில் அமர்ந்து, முட்டையோ சுண்டலோ சேர்த்து, சூடாகச் சாப்பிடுகிறேன். காபியைப் பத்தரை மணிக்கு அலுவலகத்தில் குடிக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் நடையும் வந்தது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்றே வேகமெடுக்கும்படி உடம்பு இயங்க வேண்டும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்று பலரும் கேட்கிறார்கள். நாள் முழுக்க நின்றும் குனிந்தும் ஒரே வகையில் அசைவதால் இடுப்பும் முழங்காலும் தேய்கின்றனவே தவிர, தொடையும் முதுகும் வலுப்பெறுவதில்லை. இன்னும் சிலர், அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதால்தான் பெண்களுக்கு நோய் வந்தது, மறுபடி அவற்றை எடுங்கள் என்கிறார்கள். பெண்ணின் உடற்பயிற்சிகூட அடுத்தவருக்குச் சட்னி அரைப்பதாகத்தான் இருக்க வேண்டுமா? நான் மாலையில் காவிரிக் கரையோரம் வேகமாக நடக்கிறேன். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது ஆகியவற்றைச் செய்கிறேன்; முப்பத்தைந்துக்குப் பின் எலும்பும் தசையும் மெல்லக் குறையத் தொடங்குவதால், நடையைப்போலவே இந்தப் பயிற்சிகளும் முக்கியம்.

இன்னொரு விஷயத்தைப் பெண்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்வதில்லை. தும்மினால், இருமினால், சிரித்தால், பேருந்தைப் பிடிக்க ஓடினால் இரண்டு சொட்டுச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. சுகப்பிரசவமான பெண்களுக்கு இது மிகப் பரவலாக உண்டு. சிசேரியன் ஆனவர்களுக்கும் வரும். அதை மறைக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அலுவலகக் கழிப்பறை சுத்தமாக இல்லாததால் இன்னும் குறைக்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வருகின்றன. கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதே கசிவுக்குக் காரணம். அவற்றை வலுப்படுத்தும் பயிற்சியை 1948-இலேயே ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். வாயுவை வெளியேற விடாமல் அடக்கும்போது எந்தத் தசை உள்ளிழுக்கிறதோ, அதே தசையைச் சில நொடிகள் இறுக்கிப் பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். எட்டுப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது இதைப் பயிற்சியாகச் செய்யக் கூடாது. பேருந்தில் உட்கார்ந்தபடி செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகும். அதற்குப் பிறகும் கசிந்தால், அல்லது கீழே ஏதோ இறங்கி வருவதுபோலக் கனம் தெரிந்தால், மகளிர் மருத்துவரிடமோ இதற்கெனப் பயின்ற பிசியோதெரபிஸ்டிடமோ போக வேண்டும்.

முப்பது வயதைக் கடந்தவர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அமிலக் கரைசலைத் தடவி நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் முறை இருக்கிறது. வலி இல்லை, சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும், காசும் கிடையாது. இருந்தும், முன்பு சொன்ன அதே குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரை உள்ள பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டில்கூடப் பத்தில் ஒருவர்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய மண் இது. முன்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு நோய்க்கு நம்மில் யாரும் பலியாக வேண்டியதில்லை. மகள் இருந்தால், 9 முதல் 14 வயதுக்குள் இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் தாய்க்கு அட்டை இல்லை என்று புலம்புவதோடு நிற்கவில்லை. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள் இருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில், எனக்கென ஒரு பக்கத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பதையும் அதன் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியாரிடம், "அத்தை, உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துடலாமே" என்றேன். "எனக்கெதுக்கும்மா, வயசாச்சு, சோர்வு இருக்கத்தானே செய்யும்" என்றார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஹீமோகுளோபின் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இலவசப் பேருந்தில் இருவரும் போய்ப் பார்த்ததில் அவருக்கு ஒன்பதுதான் இருந்தது. எனக்கு மாத்திரை எழுதியதுபோல அவருக்கு உடனே எழுதி அனுப்பிவிடவில்லை அந்த மருத்துவர். மாதவிடாய் நின்று போன பெண்ணுக்கு இரத்தம் குறைந்தால், அது எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி, மலப் பரிசோதனைக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் அனுப்பினார். மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் தானே வாங்கிப் பல ஆண்டுகளாகப் போட்டுவந்த வலி மாத்திரையால் வயிற்றில் புண் உண்டாகி, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. அந்த மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து கொடுத்து, முழங்காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தை மாதம் மறுபடியும் இரத்தம் பார்க்க வேண்டும். அதற்கான தேதியை, என் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அத்தையே தன் கையால் எழுதிக்கொண்டார்.